மலையகத்துக்கு எந்த வழியால் ஏறுவது, எந்த வழியால் இறங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது பண்டாரவளையில். பாடசாலை விடுமுறை நெருங்கினால் போதும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் சொந்தக்காரர்கள் அழைத்து, "எந்த ரோட்டால வாறது?" என்று ஆரம்பிப்பார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இங்கே சொல்லும் நேரங்கள் காரிலோ வேனிலோ குடும்பத்தோடு, நடுவில் தேநீருக்கு நிறுத்திப் போகிறவர்களுக்கானவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் கிலோமீட்டரை வைத்துப் பாதை தேர்ந்தெடுப்பது சரிவராது. எந்தச் சரிவில் மழை, எந்தப் பக்கம் இறக்கம் கடுமை, அந்த இடத்துக்கு நாம் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பத்து கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவது ஒரு விஷயமே இல்லை.

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குக் கண்டிப் பக்கத்தால் போவதா, ஹட்டன் பக்கத்தால் போவதா?

தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அவிசாவளை, ஹட்டன் வழியாகப் போனால் சுமார் 170 கிலோமீட்டர். பேராதனை, கம்பளை வழியாகப் போனால் சுமார் 180. இரண்டுக்கும் ஐந்து, ஐந்தரை மணித்தியாலம் வையுங்கள்.

கண்டிப் பக்கத்தால் போகிறவர்கள் கண்டி நகரத்துக்குள் நுழையவே தேவையில்லை. பேராதனையில் வலது பக்கம் திரும்பி ஏ5 வீதியில் கெலிஓயா, கம்பளை என்று போய்விடலாம். இந்த வழியில் பொறுமையைச் சோதிப்பது மலை இல்லை, அதற்கு முந்திய சமதரைதான். கடவத்தை, நிட்டம்புவை, வரக்காப்பொலை, கேகாலை, மாவனல்லை என்று ஊருக்கு ஊர் நெரிசல். கடுகண்ணாவை ஏற்றத்தில் கொள்கலன் லொறி ஒன்று முன்னால் மாட்டிக்கொண்டால் அதன் பின்னால் ஊர்ந்துதான் ஆக வேண்டும். கம்பளையைத் தாண்டிய பிறகுதான் பயணம் ருசிக்கும். புசல்லாவை, இறம்பொடை நீர்வீழ்ச்சி, ஆஞ்சநேயர் கோயில், 225 மீற்றர் நீளச் சுரங்கப்பாதை, அதற்கு மேலே லபுக்கலை. கம்பளையில் கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றர் அளவில் இருக்கும் வண்டி, அறுபது கிலோமீட்டருக்குள் 1,900 மீற்றரை நெருங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி இறம்பொடைக்கு மேலேதான்.

ஹட்டன் வழி ஏ7 வீதி. யட்டியாந்தோட்டை, கித்துல்கலை வரை களனி கங்கை பக்கத்திலேயே வரும். கினிகத்தேனையில் ஒரு நல்ல ஏற்றம், பிறகு வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா. டெவோன், சென்கிளயர் இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் வீதியில் நின்றே பார்க்கலாம். உயரம் இங்கே தவணை முறையில் கூடும். கொஞ்சம் ஏறி, கொஞ்சம் சமமாக ஓடி, மறுபடி ஏறும். ஆனால் வளைவுகளுக்கு முடிவே இல்லை. ஹட்டன் நகரம் முழுவதும் ஒரே தெருவில் நிற்பதால் சனிக்கிழமை காலையில் அதைக் கடக்கவே தனியாக நேரம் வேண்டும்.

இரண்டும் உங்களுக்கு வசதிப்படும் என்றால், இறம்பொடையால் ஏறி ஹட்டனால் இறங்குங்கள். ஏறும்போது கடுமையான சரிவு எஞ்சினைத்தான் வேலை வாங்கும். இறங்கும்போது அதே சரிவு பிரேக்கை வேலை வாங்கும். எஞ்சின் களைத்தால் வண்டி நிற்கும். பிரேக் களைத்தால் நிற்காது. 2025 மே 11 அதிகாலை கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் ஒன்று கொத்மலை கெரண்டிஎல்லயில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது இந்த ஏ5 வீதியில்தான்.

மேப்பில் நாலரை மணித்தியாலம் என்று காட்டுகிறதே, நீங்கள் ஐந்தரை என்கிறீர்களே?

மேப் சொல்வது நிற்காமல் ஓடுகிறவருக்கு. வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர், மலையில் 25 முதல் 30. நெடுஞ்சாலையை மட்டும் தனியாகக் கணக்குப் பாருங்கள். உதாரணமாக கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகக் கித்துல்கலை வரை சமதரைக் கணக்கு, அங்கிருந்து நுவரெலியா வரை மலைக் கணக்கு. கூட்டிப் பாருங்கள், மேப்பைவிட அதிகமாக வரும். போய்ச் சேர்ந்த பிறகு எது சரியென்று நீங்களே சொல்வீர்கள்.

மேப் காட்டும் குறுக்குப் பாதையில் போகலாமா?

பெரும்பாலும் வேண்டாம். மலையகத்தில் மேப் குறுக்குப் பாதை என்று காட்டுவதில் பாதி தோட்டப் பாதைகள். தேயிலைக் கொழுந்து ஏற்றவும் தோட்டத்து ஆட்கள் போய்வரவும் போட்டவை அவை. சில இடத்தில் கொங்கிரீட், சில இடத்தில் பழைய கல்லு ரோடு, நடுவில் புல். எதிரே கொழுந்து லொறியோ உழவு இயந்திரமோ வந்தால், நீங்கள்தான் பின்னால் எடுக்க வேண்டும். அவர்கள் சுமையோடு பின்னால் போக முடியாது. ஒரு பக்கம் வடிகான், மறுபக்கம் தேயிலைச் சரிவு. மழையும் சேர்ந்தால் முடிந்தது.

பிரதான வீதியை விட்டுத் திரும்பும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரர் தம்பியிடம், "இந்த வேன் இதால போகுமா?" என்று வண்டியைக் காட்டிக் கேளுங்கள். "ரோடு இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் சொல்வார், ரோடு இருக்கத்தானே செய்கிறது. வண்டியைக் காட்டிக் கேட்டால்தான் சரியான பதில் வரும்.

நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்லை குறுக்கு வீதி என்று ஒன்று உண்டு. தோட்டப் பாதை இல்லை, நல்ல வீதிதான். ஆனால் சரிவு மோசம். 2023 ஜனவரியில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று அங்கே வேனோடும் ஓட்டோவோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். மிச்சமாவது சில கிலோமீட்டர்தான். பெரிய வீதியிலேயே போங்கள்.

எல்ல, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வர எது நல்லது?

கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

நம் ஊர்க்காரர்கள் காலம் காலமாக வந்து போவது இரத்தினபுரி வழி. ஏ4 வீதியில் அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா, ஹல்துமுல்லை, பெரகலை. பெரகலைச் சந்தியில் இடது பக்கம் ஏறினால் ஹப்புத்தளை, பண்டாரவளை. நேரே போனால் கொஸ்லாந்தை, வெல்லவாய. பண்டாரவளைக்கு 200 கிலோமீட்டர் அளவு, ஐந்தரை முதல் ஆறு மணித்தியாலம். பலாங்கொடை வரை பெரிய ஏற்றம் இல்லை என்பதால் பாதி வழிக்கு வண்டியும் சாரதியும் களைப்பதில்லை. பெலிஹுல்ஓயாவில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஹல்துமுல்லைக்கு மேலே, மேகம் இல்லாத காலையில், தெற்கே உடவளவைப் பக்கத்துச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். பிற்பகலில் வந்தால் அதே இடத்தில் முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது தெற்கு அதிவேகப் பாதை. 2020 முதல் அது ஹம்பாந்தோட்டை, மத்தளைப் பக்கம் வரை போகிறது. அங்கே இறங்கி, தணமல்வில வழியாக வெல்லவாய, பிறகு எல்ல. கிலோமீட்டர் கணக்கில் இதுதான் மிக நீளம், முந்நூறை எட்டும். ஆனாலும் எல்லவுக்கு இதில் வருகிறவர்கள் பலர் இரத்தினபுரியால் வருகிறவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். மலை ஏறுவது கடைசி முப்பது கிலோமீட்டர் மட்டும். வயிறு புரட்டும் பிள்ளைகள் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒரேயொரு நிபந்தனை: தணமல்விலப் பக்கத்தில் பொழுதுபட்ட பிறகு யானை வரும். வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள்.

வெல்லவாய–எல்ல வீதியில் மேலே வருவது ஒன்று, கீழே போவது வேறொன்று. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்லவிலிருந்து இறங்கிய சுற்றுலா பஸ் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். ஏறுவதற்கு அந்த வீதியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். திரும்பும்போது அதாலேயே இறங்கத்தான் வேண்டுமென்றால் பகலில், முதல் வளைவிலிருந்தே சின்ன கியரில் இறங்குங்கள்.

மூன்றாவது நுவரெலியா பார்த்துவிட்டு வருவது. சீத்தாஎலிய சீதையம்மன் கோயில், ஹக்கலை, கெப்பெட்டிப்பொல, வெலிமடை. வெலிமடையில் பதுளைக்கு ஒரு வழி, பண்டாரவளைக்கு ஒரு வழி. ஹக்கலையைத் தாண்டியதும் குளிர் விட்டு, மரக்கறித் தோட்டமும் வயலுமாகக் காட்சி மாறிவிடும். எனக்குப் பிடித்த துண்டு இது.

யாழ்ப்பாணத்திலிருந்து, வவுனியாவிலிருந்து வருகிறோம். ஒரே நாளில் நுவரெலியா வந்துவிடலாமா?

வரலாம், வராதீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் சுமார் 320 கிலோமீட்டர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, தம்புள்ளையில் சாப்பிட்டு, மாத்தளையைக் கடந்து வரும்போது பிற்பகல் ஆகிவிடும். அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் 75 கிலோமீட்டருக்கு மேல், முழுவதும் மலை. எட்டு மணித்தியாலம் நேர் ரோட்டில் ஓட்டிக் களைத்த ஒருவர், இருட்டிலும் பனிமூட்டத்திலும் இறம்பொடை ஏறக்கூடாது. மாத்தளையிலோ கண்டியிலோ கம்பளையிலோ ஓர் இரவு தங்குங்கள். அந்த அறை வாடகை வீண் செலவு இல்லை.

தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் இருப்பதால் மரக்கறி லொறிகள் ஏராளம். மாத்தளை வரை அவற்றின் பின்னாலேயே வரவேண்டியிருக்கும், அவசரப்பட்டு முந்தாதீர்கள்.

கண்டி நெரிசலுக்குள் போகாமல் தப்ப, கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஹலொலுவை வழியாகப் பேராதனைக்கு மகாவலி ஓரமாக ஒரு வீதி இருக்கிறது. பாடசாலை விடும் நேரத்தில் அதிலும் கூட்டம்தான், ஆனாலும் நகரத்துக்குள் மாட்டுவதைவிட மேல்.

பதுளைக்கு மட்டும் போகிறவர்கள் கண்டிப் பக்கமே வரத் தேவையில்லை. ஹபரணை, பொலன்னறுவை, மஹியங்கனை வரை சமதரையில் ஓடி, அங்கிருந்து பதுளைக்கு ஏறலாம். ஹபரணைப் பக்கத்தில் மாலையில் யானைகள் வீதிக்கு வரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

மட்டக்களப்பிலிருந்து?

செங்கலடியில் ஏ5 வீதியைப் பிடித்தால் மகாஓயா, பதியத்தலாவை. அங்கே வழி பிரியும். பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளை ஒரு பக்கம். மஹியங்கனை, பதினெட்டு வளைவு, ஹுன்னஸ்கிரிய, தெல்தெனிய வழியாகக் கண்டி மறுபக்கம். லுணுகலை–பசறைத் துண்டு ஒடுக்கம், மார்கழி மழையில் கவனம் வேண்டும். பதினெட்டு வளைவைப் பற்றிக் கதைகள் நிறைய உண்டு, வீதியைத் திருத்தி அகலமாக்கிய பிறகு அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மழை?

பாதை தேர்வில் பாதி இதுதான், ஆனால் இதைக் கேட்கிறவர்கள் குறைவு.

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் என்று ஒன்று இல்லை. நடுவில் நிற்கும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரிக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது மேற்குச் சரிவில் மோதிக் கொட்டும். கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். அதே நாட்களில் பதுளை, வெலிமடை, பண்டாரவளையில் வெயிலும் கச்சான் காற்றும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் கதை தலைகீழ். பசறை, லுணுகலை, மடுல்சீமை, பதுளை நனையும். ஹட்டன் பக்கம் தெளியும், தை மாதக் காலையில் தலவாக்கலைக்கு மேலே உறைபனிகூட விழும்.

இதை நினைவில் வைக்கத் தேயிலையையே கேட்கலாம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு மணம் கூடும் காலம் ஜூலை முதல் செப்டெம்பர். ஹட்டன், தலவாக்கலை இருக்கும் திம்புளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச். காய்ந்த காற்று அடித்தால்தான் கொழுந்துக்கு அந்த மணம் வரும். கொழுந்துக்கு நல்ல காலம் வண்டிக்கும் நல்ல காலம். ஆக ஓகஸ்ட் விடுமுறையில் பண்டாரவளைக்கு வருகிறவர் ஹட்டன், நுவரெலியா என்று சுற்றி வராமல் பலாங்கொடையாலோ வெல்லவாயாலோ வருவது நல்லது. தைப்பொங்கலுக்கு வருகிறவருக்கு ஹட்டன் வழி நல்ல வழி.

ஒக்டோபர், நவம்பர் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காது. காலையில் பளிச்சென்று இருக்கும், இரண்டு மணிக்கு இடி இடித்து எல்லாப் பக்கமும் கொட்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29இல். டித்வா புயல் வந்தது 2025 நவம்பர் கடைசியில். அந்த மழையில் மலையகத்தின் பிரதான வீதிகள் பலவும் எங்கேயோ ஓரிடத்தில் அறுந்தோ அடைபட்டோ போயின. இந்த இரண்டு மாதத்தில் தீபாவளிக்கு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். சும்மா சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வேறு மாதம் பார்க்கலாம்.

மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் வருகிறதே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இது அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்வது. பயணிக்கு நான் சொல்வது: செம்மஞ்சள் இருக்கும் பிரிவு வழியாகப் பாதை போடாதீர்கள், மஞ்சள் என்றால் பகலில் மட்டும். மாவட்டத்தின் பெயரைக் கேட்டுவிட்டுப் பயணத்தையே நிறுத்த வேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டம் என்று செய்தியில் சொன்னால் அது வலப்பனையாகவும் இருக்கலாம், அம்பகமுவையாகவும் இருக்கலாம். இரண்டும் இரண்டு மூலை.

ஓடும்போது கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. வீதிக்கு மேல் பக்கத்து மண்மேட்டிலிருந்து வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அது வழக்கமான ஊற்று. திடீரென்று சேறாக வந்தால், சின்னக் கற்கள் உருண்டு கிடந்தால், மின்கம்பமோ மரமோ புதிதாகச் சாய்ந்திருந்தால் அந்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். கடக்க முடிந்தால் கடந்துவிடுங்கள், முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

நடுவழியில் வீதி அடைபட்டால் மாற்று வழி?

முன்கூட்டியே ஒன்றை யோசித்து வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில்தான் வீதி அடைபடும்.

கடுகண்ணாவை மூடினால் (2025 நவம்பரில் மண்மேடு சரிந்து மூடத்தான் செய்தார்கள்) மாவனல்லையிலிருந்து ஹெம்மாத்தகம வழியாகக் கம்பளைக்கு ஒரு வீதி உண்டு. இல்லையென்றால் குருநாகல் போய், கலகெதர வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு வரலாம். மீரிகமையிலிருந்து குருநாகல் வரையான அதிவேகப் பாதை 2022 முதல் திறந்திருப்பதால் இது முன்போல் பெரிய சுற்று இல்லை. இறம்பொடை மூடினால் தவலந்தென்னையிலிருந்து பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்கு ஏறலாம், வீதி ஒடுக்கம், பெரிய வேனுக்குச் சிரமம். கினிகத்தேனைக்குக் கீழே மூடினால் ஹட்டன்காரர்கள் நாவலப்பிட்டி, கம்பளை வழியாகத்தான் இறங்குவார்கள். பெரகலை மூடினால் வெல்லவாய.

ஆனால் ஒரு வீதியை மூடும் மழை பக்கத்து வீதியையும் விட்டுவைக்காது. மாற்று வழி தேடி இருட்டில் அலைவதைவிட, அருகில் இருக்கும் ஊரில் அறை எடுத்துப் படுத்துக்கொண்டால் காலையில் எல்லாம் தெரியும்.

எத்தனை மணிக்குப் புறப்படுவது? இரவுப் பயணம் நல்லதில்லையா, நெரிசல் இருக்காதே?

விடிய நாலு, நாலரைக்குக் கொழும்பை விடுங்கள். சமதரையை இருட்டிலும் மலையை வெளிச்சத்திலும் ஓட்டலாம். இரவுப் பயணத்தில் இது மாறிவிடும். இரவு பத்துக்குப் புறப்பட்டால், தூக்கம் கண்ணை இழுக்கும் இரண்டு, மூன்று மணிக்கு வண்டி வளைவில் நிற்கும்.

பிற்பகல் மூன்றுக்குப் பிறகு லபுக்கலை, ஹக்கலை, ஹப்புத்தளையில் பனிமூட்டம் இறங்கும். மூட்டத்தில் ஹைபீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், விளக்கைத் தாழ்த்துங்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று தெரியாது. வளைவுக்கு முன் ஒரு ஹோர்ன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவு இல்லை.

இறக்கத்தில் பிரேக் எப்படிப் பிடிப்பது? எங்களுடையது ஓட்டோ கியர்.

பழைய வேன் சாரதிகள் சொல்வது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இன்றைக்கும் இதைவிட நல்ல விதி இல்லை. வண்டியைப் பிடித்து வைப்பது எஞ்சினின் வேலை, பிரேக் உதவிக்கு மட்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் டிஸ்க்கும் பேடும் சூடேறிப் பிடிப்புக் குறையும். சூடு இன்னும் ஏறினால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும், மிதித்தால் கால் நேரே உள்ளே போகும். பழைய பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் சீக்கிரம் கொதிக்கும். பயணத்துக்கு முன் கராஜில் பேடை மட்டும் பார்க்கச் சொல்லாமல், எண்ணெய் மாற்றி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள்.

ஓட்டோ கியரில் 'டி'யிலேயே விட்டு இறங்காதீர்கள். 'எல்', '2', 'எஸ்' என்று எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் வண்டிகளில் 'பி' (B, நிறுத்தி வைக்கும் P இல்லை) என்று ஒன்று இருக்கும், பலர் அதைத் தொட்டே பார்த்திருக்கமாட்டார்கள். அது இந்த இறக்கத்துக்காகத்தான். ஹைபிரிட்டில் இன்னொரு விஷயம்: நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால், மின்சாரமாக மாற்றிக்கொண்டு வண்டியைப் பிடிக்கும் வேலை குறைந்துவிடும். அதுவரை லேசாகப் பிடித்த வண்டி சட்டென்று ஓடுவதுபோல் தோன்றும். பயப்படாதீர்கள், 'பி'யில் இருந்தால் எஞ்சின் சத்தம் கூடி அது பிடித்துக்கொள்ளும். இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ள வண்டிகள் நேர்மாறு, அவற்றுக்கு இறக்கத்தைவிட நெரிசலில் ஊர்ந்து ஏறுவதுதான் கஷ்டம். கியர்பெட்டி சூடு என்று விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

எரிந்த வாசம் வந்தால் முதலில் கிடைக்கும் அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணித்தியாலம் சும்மா இருங்கள். சில்லுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் வளைந்துவிடும். நியூட்ரலில் விட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஆட்களோடு வண்டியில் ஏறாதீர்கள்.

ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலையின் வழக்கம். பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடித்தால் ஓரமாகி அனுப்பிவிடுங்கள். அவருக்கு வளைவெல்லாம் மனப்பாடம், உங்களுக்கு இல்லை.

பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள். ஏதாவது வழி?

வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. ஏற்றம் தொடங்கும் முன் பால் தேநீரும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். போனை வாங்கி வையுங்கள், கீழே குனிந்து பார்த்தால்தான் தலை சுற்றும். இஞ்சி, எலுமிச்சம்பழம், இரண்டு பொலித்தீன் பை. சாரதிதான் முக்கியம்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் பாதிப் பேருக்கு ஒன்றும் வராது.

எந்த நாட்களில் வரவே கூடாது?

ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா சீசன். கிரகரி வாவியைச் சுற்றி ஒருவழிப் போக்குவரத்து, அறை வாடகை வானத்தில். சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை. அந்த மாதங்களில் சனி, ஞாயிறு, போயா நாட்களில் ஹட்டன்–மஸ்கெலியா–நல்லதண்ணி வீதி நிரம்பி வழியும், அதன் நெரிசல் ஏ7 வீதியில் கினிகத்தேனை வரை தெரியும். எசல பெரஹரா நாட்களில் கண்டி வேண்டாம். எல்ல நகரம் வார இறுதி முழுவதும் அடைப்புத்தான், வண்டியைப் பண்டாரவளையில் விட்டுவிட்டு ரயிலில் போய்வருவது புத்திசாலித்தனம்.

பெற்றோல், சாப்பாடு?

ஏற்றத்தில் எரிபொருள் அதிகம் குடிக்கும். அவிசாவளை, கம்பளை, பலாங்கொடை, வெல்லவாய போன்ற அடிவாரத்து ஊர்களில் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். சாப்பாட்டுக்குப் பயமில்லை. பஸ் நிற்கும் கடையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சூடாக இருக்கும்.

இந்தியாவிலிருந்து வருகிறோம், நாங்களே ஓட்டலாமா?

இடது பக்கம்தான் ஓடுவது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் ஊர் அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது, இலங்கையில் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் ஓட்டியவர்களுக்கு வளைவு புதிதில்லை. முந்தும் தனியார் பஸ்கள்தான் புதிது. முதல் தடவை என்றால் சாரதியோடு வண்டி எடுங்கள்.

அவசரத்துக்கு யாரை அழைப்பது?

அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. அழைக்கும்போது ஊர் பெயரோடு வீதியோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள இலக்கத்தையும் சொல்லுங்கள். தோட்டப் பக்கம் என்றால் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் வேண்டும், மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு என்று ஒரே தோட்டத்துக்குள் பல கிலோமீட்டர் வித்தியாசம் இருக்கும். வண்டி பழுதானால், ஆட்களை மலைப்பக்கம் இறக்கி நிறுத்துங்கள், பள்ளப் பக்கம் வேண்டாம். சில்லுக்குக் கல் வைத்து, வளைவுக்கு முன்னால் நாலு தேயிலைக் கிளையை ஒடித்து வீதியில் போடுங்கள். அதைப் பார்த்தால் இங்கே ஓடுகிற எல்லாச் சாரதிகளுக்கும் விளங்கும்.